குளிர்மலையில் தேனீ வளர்க்கக் கற்றல்

தேனீ வளர்ப்பைப் பற்றி நம் மன்ற இதழுக்கு ஒரு பாடம் எழுதித் தருமாறு செயலாளர் கேட்டபோது யான் சற்றே தயங்கினேன். தேனீயைப் பற்றிய நூல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்நூல்கள் சமவெளிக்காரனுக்கோ, பனி பெய்யும் மேலை நாட்டானுக்கோ எழுதப்பட்டவை. இரண்டுக்கும் இடையில், ஆண்டில் பாதி நாள் மேகத்துக்குள் மூழ்கிக் கிடக்கும் எம் போனக்காடு போன்ற மலையில் வாழ்பவன் என்ன செய்வது? இவ்வினாவுக்கு விடை தேடி முதலாண்டிலேயே ஒரு பெட்டியை முழுதும் இழந்தவன் யான். இழந்தவன் சொல்லும் பாடத்தில் பயன் கொஞ்சம் மிகுதி என்று எண்ணியே எழுதத் துணிந்தேன்.

போனக்காட்டை அறியாத நண்பர்களுக்குச் சில சொற்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுரையைத் தாண்டிப் பேப்பாறைக் காடுகளின் ஓரமாக ஏறினால் சாலை முடியும் இடம் அது. அகத்தியர்கூடத்துக்கு நடந்து செல்வோர் அங்கிருந்துதான் புறப்படுவர். அம்முடியின் உயரம் 1868 மீட்டர். 1850-களில் திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த ஜான் ஆலன் புரௌன் என்பார் அம்முடியின்மேல் ஓர் ஆய்வுக்குடில் அமைத்துத் தட்பவெப்பமும் காந்தப்புலமும் அளந்தார். அந்த மழையிலும் காற்றிலும் கருவிகளைக் காப்பதே பெரும்பாடாக இருந்திருக்கும். மலையின் மடியிலே வெள்ளையர் காலத்தில் தேயிலைத் தோட்டம் ஒன்று எழுந்தது. கொழுந்து கிள்ளத் தமிழ்க் குடும்பங்கள் வந்து லயங்களில் குடியேறின. இன்று தொழிற்சாலை எந்திரங்கள் நின்று ஆண்டுகள் பல ஆயின. கண்ணாடிச் சன்னல்கள் உடைந்த அந்தப் பெருங்கட்டடத்தைப் படம் பிடிக்க நகரத்து இளைஞர் வருகின்றனர். லயங்களில் எஞ்சியிருப்போர் கிடைத்த வேலையைச் செய்து காலம் தள்ளுகின்றனர். எம் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

என் தாய்மாமன் மார்த்தாண்டத்துக்கு அருகில் ரப்பர்த் தோட்டங்களில் தேனீப்பெட்டி வைத்துப் பிழைப்பவர். மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர்போன ஊர் என்பது தெரிந்ததே. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் அங்கே ஒய்.எம்.சி.ஏ.வின் சிற்றூர்ச் சீரமைப்பு நிலையத்தை நடத்தி, உழவர்க்குத் துணைத்தொழிலாகத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தார். அதற்கும் முன்னரே, 1911 முதல் 1917 வரை, நியூட்டன் என்னும் பாதிரியார் திருச்சிராப்பள்ளியில் இந்தியத் தேனீயின் அளவுக்கேற்ற சிறு பெட்டியொன்றை வகுத்துப் பலருக்குப் பயிற்சி தந்திருந்தார். அவர் பெயரால் வழங்கும் நியூட்டன் பெட்டியைத் தென்னாட்டில் இன்றும் காணலாம். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இத்தகைய ஊரிலிருந்து வந்த மாமா, "லயத்துப் பின்னாடி சும்மா கிடக்கிற இடத்துல ரெண்டு பெட்டி வைச்சா என்ன மக்களே?" என்று கேட்டதில் வியப்பில்லை. அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துத் தந்தார். ஒரு பெட்டியும் அதில் ஒரு குடும்பமும் தை மாதத்தில் வந்து சேர்ந்தன. பங்குனியில் மாமா வந்து தேன் எடுத்துத் தந்தார். மூன்று புட்டிகள் நிறைந்தன. அகத்தியர்கூடம் போய் இறங்கியவர்கள் அவற்றை அன்றே வாங்கிக்கொண்டனர். எம் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆடி மாதத்தில் ஒரு காலை பெட்டியைத் திறந்தபோது, அடைகளின் அறைகளுக்குள் தலையை நுழைத்தபடியே தேனீக்கள் குவியலாக இறந்து கிடந்தன. அடித்தட்டில் ஒரு விரற்கடை உயரத்துக்கு ஈரப் பிணங்கள்.

குளிர்தான் கொன்றது என்று நாங்கள் நினைத்தோம். அக்கம்பக்கத்தாரும் அப்படியே கூறினர். மழைக்குத் தேன்தேடி நடக்கும் காணி மூத்தவர் ஒருவர், பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு துளி தேனில்லை தம்பி. பட்டினியாக்கும்" என்றார். தலையை அறைக்குள் நுழைத்தபடி சாவது பசியால் சாவதன் அடையாளம் என்பதைப் பின்னர் நூல்களிலும் கண்டேன். கடைசித் துளிக்காக அறையின் அடியை நக்கிக்கொண்டே அவை உயிர் விட்டிருக்கின்றன.

ஆயின், குளிர் குற்றமற்றதா? அதனை விளக்கத் தேனீயின் உடலுக்குள் சிறிது நுழைய வேண்டும்.

தனித் தேனீ குளிர்ந்த குருதியுள்ள பூச்சி. சுற்றுப்புறம் ஏறத்தாழ 10 பாகைக்குக் கீழே போனால் அது அசைவற்றுப் போகும். ஆனால் கூட்டமாகச் சேர்ந்த தேனீக்கள் வேறோர் உயிரினம் போல நடந்துகொள்கின்றன. மார்பிலுள்ள பறப்புத் தசைகளைச் சிறகிலிருந்து தொடர்பறுத்து, சிறகை அசைக்காமலே தசைகளை மட்டும் நடுங்கச் செய்து வெப்பம் உண்டாக்குகின்றன. ஓட்டுநர் ஊர்தியை நகர்த்தாமல் எந்திரத்தை மட்டும் ஓடவிடுவதை இதற்கு ஒப்பிடலாம். புழுக்கள் வளரும் அடையின் நடுப்பகுதி, வெளியே மழையானாலும் வெயிலானாலும் 34, 35 பாகையில் நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் புழுக்கள் நலிந்து, பிறக்கும் தேனீயின் சிறகு சுருங்கும். மிகக் குறைந்தால் புழுக்கள் சாகும். வெப்பம் மிகுந்தால் நீரைக் கொண்டுவந்து தெளித்துச் சிறகால் விசிறிக் குளிர்விக்கும் பணியும் அவற்றுக்கு உண்டு.

இந்த வெப்பத்துக்கு வேண்டிய விறகு தேன். வேறொன்றுமில்லை. குளிரும் பசியும் தேனீக்கு இரண்டு நோய்கள் அல்ல என்பது இதனால் விளங்கும். வெளியே எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு தேன் உள்ளே எரியும். எரிக்கத் தேன் இருக்கும்வரை குளிர் ஒன்றும் செய்யாது. தேன் தீர்ந்த இரவில் மிதமான குளிரும் கொன்றுவிடும். பங்குனியில் நாங்கள் புட்டிகளில் அடைத்தது ஆடி மாதத்து விறகை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. மாமாவையும் குறை கூற இயலாது. அவர் ஊரில் மழை விட்டு விட்டுப் பெய்யும். இடையில் வெயில் வந்தால் தென்னம்பாளையிலாவது ஏதேனும் கிடைக்கும். எம் மலையிலோ நாள் கணக்கில் மழை ஓயாது. ஓய்ந்தாலும் மூடுபனி விலகாது. தேனீ பறக்க முடியாத நாள் அதற்குப் பட்டினி நாள்.

இதே வெப்பம் அதற்குப் படைக்கலமும் ஆகும் என்பதை இங்கே இடைப்பிறவரலாகச் சொல்லிவிடுகிறேன். நம் இந்தியத் தேனீயின் இனத்தைச் சேர்ந்த சப்பானியத் தேனீ, கூட்டுக்குள் நுழையும் பெருங்குளவியை நூற்றுக்கணக்கில் சூழ்ந்து உருண்டையாகப் பற்றிக்கொண்டு, தசைகளை நடுங்கச் செய்து நடுவில் ஏறத்தாழ 46 பாகை வரை வெப்பம் ஏற்றிக் குளவியை அவித்தே கொன்றுவிடும். கொட்டாமலே கொல்லும் இப்போர்முறை நம் நாட்டுத் தேனீக்கும் தெரியும்.

இனி, உண்மையான குளிர்நாட்டார் செய்வதைக் காண்போம். கனடாவிலோ வட ஐரோப்பாவிலோ உள்ளவர்கள் வளர்ப்பது மேலைத் தேனீயை. நம் நாட்டில் இத்தாலியத் தேனீ என்று வழங்குவது அதன் ஒரு வகையே. வெளி வெப்பநிலை 14 பாகை அளவுக்கு இறங்கியதும் அத்தேனீக்கள் அடைகளின் நடுவே உருண்டையாகத் திரளும். புற அடுக்கிலுள்ளவை தலையை உள்நோக்கி வைத்து நெருக்கிப் போர்வையாக நிற்கும். உள்ளே இருப்பவை வெப்பம் உண்டாக்கும். குளிர் மிக மிக உருண்டை சுருங்கும். கோடையில் பிறந்த பணித்தேனீ ஐந்தாறு வாரமே வாழும். இலையுதிர் காலத்தில் பிறப்பதோ உடலில் கொழுப்பும் புரதமும் சேர்த்துக்கொண்டு ஐந்தாறு திங்கள் வாழும். இத்தகைய குடும்பம் ஒன்று நெடும் பனிக்காலத்தைத் தாண்ட முப்பது கிலோவுக்குக் குறையாத தேன் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சிலர் பெட்டிகளை இருண்ட அறைகளில் அடுக்கி அறையை 4, 5 பாகையில் நிறுத்திவைப்பர். வெம்மையான அறையில் தேனீ அமைதியிழந்து தேனை மிகுதியாகத் தின்னும்; அந்த அளவான குளிரிலேதான் அது சிக்கனமாக வாழும். குளிரைத் தேனீயின் நண்பனாக்கும் இந்தச் சூழ்ச்சியை யான் பெரிதும் வியந்தேன்.

அவர்கள் இன்னொன்றையும் வற்புறுத்துகின்றனர். எம் மலைக்கு மிகவும் பொருந்துவது அதுவே. குளிரைவிட ஈரம் கொடியது. தேனை எரிக்கும்போது நீராவியும் வெளிப்படும். அது மேலே எழுந்து குளிர்ந்த மூடியில் பட்டு நீராகித் தேனீக்களின்மேல் சொட்டும். நனைந்த தேனீயால் வெப்பத்தைக் காக்க இயலாது. குளிர் தாங்கட்டும் என்று பெட்டியைச் சாக்காலும் பாலித்தீனாலும் மூச்சு முட்டச் சுற்றுபவன் உள்ளே மழையை உண்டாக்குகிறான். முதலாண்டில் நாங்கள் செய்ததும் அதுதான்.

நம் நாட்டு மலைகளிலும் குளிரறிந்த தேனீ வளர்ப்பு உண்டு. காசுமீரத்திலும் இமாசலத்திலும் வீட்டின் தடித்த மண்சுவரிலேயே பொந்து விட்டுக் கட்டுவர். வெளிப்புறம் சிறு துளை தேனீக்கு. உட்புறம் பலகையடைத்த வாய் வீட்டாருக்கு. அடுப்பின் வெம்மை சுவர்வழியே தேனீயையும் காக்கும். மேலைத் தேனீயை நம் நாட்டில் நிலைபெறச் செய்ததும் மலையடிவாரம் ஒன்றிலேதான்: 1960-களின் தொடக்கத்தில் காங்கரா மாவட்டத்து நக்ரோட்டா பக்வானில். எங்கள் பகுதியில் இன்றும் பெரும்பாலோர் வளர்ப்பது இந்தியத் தேனீயைத்தான். பொந்திலே பல அடைகளை அடுக்காகக் கட்டுவதால் அதனை அடுக்குத் தேனீ என்பர். பாறையில் ஒற்றைப் பேரடை கட்டும் மலைத்தேனீயைப் பெட்டியில் அடைக்க முடியாது. அது காணிக்காரரின் பொருள். 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டமும் தேனைச் சிறு வனப்பொருளாக அவர்களுக்கு உரிமையாக்கியிருக்கிறது. தோட்டத்துப் பையன்கள் அதில் கைவைத்தல் தகாது.

இந்தியத் தேனீக்கு ஒரு குணம் உண்டு. அது கனடாத் தேனீயைப் போல முப்பது கிலோ சேர்த்து வைத்துக்கொண்டு உறங்கும் இயல்பினதன்று. உணவில்லையேல் கூட்டைவிட்டு ஒட்டுமொத்தமாகப் பறந்து போய்விடும். பெட்டியை அடிக்கடி திறந்தாலும், எறும்பும் மெழுகுப் பூச்சியும் தொல்லை தந்தாலும் அப்படியே செய்யும். பறந்து போவதை நன்றிகெட்ட தன்மை என்று சிலர் நொந்துகொள்வர். வெப்பமண்டலக் காட்டில் அதுவே அறிவுடைமை. ஒரு பள்ளத்தாக்கில் பூ இல்லையேல் அடுத்ததில் இருக்கும். அடைமழை நடுவே மட்டும் அதற்குப் போக்கிடம் இல்லை. எங்கள் முதற்குடும்பம் இருந்து மாண்டதற்கு இதுவே காரணமாயிருக்கலாம்.

இரண்டாம் முறை பெட்டி வைத்தபோது கடைப்பிடித்தவற்றை இப்போது கூறுகிறேன். செய்ய விரும்பும் நண்பர்கள் இப்பகுதியைக் கருத்தூன்றிப் படிக்க.

இடந்தான் முதலில் பார்க்க வேண்டியது. காலை வெயில் முதலில் விழும் சரிவில், தென்மேற்குக் காற்றுக்கு மறைவாக, வாயில் கிழக்கு நோக்கியிருக்கும்படி பெட்டியை வைத்தோம். பள்ளத்தில் வைக்கலாகாது, இரவுக் குளிர்காற்றும் மூடுபனியும் அங்கே தேங்கும். முழங்காலுக்கு மேலான உயரத்தில் தாங்கி. அதன் கால் சுற்றி எறும்புக்கு நீர்க்கிண்ணம். பெட்டி வாயிற்பக்கம் சிறிதே சாய்ந்திருக்க வேண்டும். உள்ளே சேரும் நீர் வழிந்து வெளியேறும். கூரைக்குப் பழைய தகரத்தை நாற்புறமும் ஒரு சாண் நீட்டி, பெட்டியைத் தொடாமல் கட்டினோம். உள்மூடியின்மேல் ஒரு மடிப்புச் சாக்கு. ஈரத்தை அது உறிஞ்சும், நனைந்தால் மாற்றிவிடலாம். மேலே சிறு காற்றுத்துளை திறந்தே இருக்கும். வாயிலை மட்டும் இரண்டு மூன்று தேனீ நுழையும் அளவுக்குக் குறைத்தோம்.

மழைக்கு முன்பே, வைகாசி நடுவில், பெட்டியைச் சுருக்க வேண்டும். தேனறையை எடுத்துவிடுக. கீழறையில் தேனீக்கள் இருபுறமும் மூடி நிற்கும் அடைகளை மட்டும் விடுக. ஏழு சட்டத்தில் நான்கையே மூடுமளவு கூட்டமிருந்தால் நான்கே போதும்; ஐந்தாவது இடத்தில் ஒரு தடுப்புப் பலகையை நிறுத்துக. ஆளில்லாத அடை குளிருக்கும் மெழுகுப் பூச்சிக்கும் திறந்த வீடு. பெரிய கூடத்தில் நால்வர் குளிர்காய்வதைவிடச் சிறு அறையில் காய்வது எளிதல்லவா? மிகவும் நலிந்த இரு குடும்பங்கள் இருந்தால், ஓர் இராணியை நீக்கி, நடுவில் ஒரு செய்தித்தாளை வைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இணைத்துவிடலாம். தாளை அவை கடித்துத் துளைத்து முடிப்பதற்குள் இரண்டின் மணமும் கலந்து பகை நீங்கும்.

உணவைப் பற்றி. சர்க்கரையும் நீரும் சம எடையில் கரைத்து வாரம் ஒருமுறை, அந்தி நேரத்தில், பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். பகலில் வைத்தால் மணம் பரவிப் பிற கூட்டத்தார் கொள்ளையடிக்க வருவர். கரைசலில் சில துரும்புகளை மிதக்கவிடுக. இல்லையேல் தேனீ மூழ்கிச் சாகும். சேமித்து வைப்பதற்காகக் கொடுப்பதாயின், மழை தொடங்கும் முன்பே, சர்க்கரை இரண்டு பங்கு நீர் ஒரு பங்காகக் கெட்டியாகக் கொடுப்பது நன்று. நீர்த்த கரைசலை வற்றச் செய்யத் தேனீ மீண்டும் விறகு செலவிட வேண்டும்; வற்றிய நீரும் கூட்டுக்குள் ஈரமாகச் சேரும். பனைவெல்லமும் கருப்பட்டியும் நமக்கு நல்லவை. அவற்றிலுள்ள பிற பொருள்கள் தேனீயின் வயிற்றுக்கு ஒவ்வா. மழைநாளில் அது வெளியே போய்க் கழிக்கவும் இயலாது.

மழைக்காலத்தில் பெட்டியைத் திறக்கவே வேண்டா. உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படி அறிவது? பெட்டியின் பின்புறத்தை ஒரு கையால் மெல்லத் தூக்குக. அதன் கனம் கைக்குப் பழகிவிடும். காணி மூத்தவர் அன்று செய்தது அதுதான். பிறகு காதைப் பலகையில் வைத்து விரலால் ஒரு தட்டு தட்டுக. சட்டென்று எழுந்து அடங்கும் இரைச்சல் நலத்தின் குறி. இழுத்து அழுவது போல ஓயாமல் முனகினால் இராணி இல்லையென்று ஐயுறலாம். வெயில் வந்து தேனீ தாராளமாகப் பறக்கும் நாளில் மட்டும் திறந்து விரைவில் மூடுக.

இவ்வாறு இரண்டாம் ஆண்டின் மழையைத் தாண்டினோம். ஆவணியில் பெட்டி கனமின்றி இருந்தது. ஆயினும் உயிர் இருந்தது. அம்மா சர்க்கரைக்குச் செலவிட்டதைக் கணக்குப் பார்த்துக்கொண்டேயிருந்தார். அவருக்கு அது விளையாட்டுப் பணமன்று.

ஐப்பசிக்குப் பின் குடும்பம் பெருகும் காலம். கேரளத்தில் எங்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புழுக்கள் மிகும். குடும்பத்தைப் பிரித்து இரண்டாக்குவதும் அப்போதே. எங்கள் பெட்டியிலும் இராணி நன்றாக முட்டையிட்டது. ஆனால் புழுக்கள் அறையிலேயே செத்தன. நாள்தோறும் காலையில் வாயிலில் சிறு வெள்ளைப் புழுக்கள் இழுத்துப் போடப்பட்டுக் கிடந்தன.

எனக்கு உயிரே போனது போலாயிற்று. ஏனெனில் 1991, 1992 ஆண்டுகளில் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் நச்சுயிரி நோய் பரவித் தென்னாட்டின் இந்தியத் தேனீக் குடும்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்த கதையை மாமா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆயிரக்கணக்கான பெட்டிகள் விறகானதாகச் சொல்லுவார். அந்நோய்க்கு மருந்தில்லை. நோய் தாங்கிய குடும்பங்களிலிருந்து மீண்டும் பெருக்கி வந்ததனால்தான் இன்று நம் தேனீ உள்ளது. அலைபேசியில் மாமாவை அழைத்தேன். அவர் பதறவில்லை. "செத்த புழுவை ஒரு முள்ளால மெல்லத் தூக்கிப் பாரு மக்களே. தண்ணி நெறஞ்ச பை மாதிரி வந்தா அந்தச் சீக்கு. அப்படி வரலேன்னா வேற ஏதோ" என்றார். பைப்புழு நோயில் புழு, அறை மூடப்படும் பருவத்தில், நீட்டிப் படுத்துத் தலையை மேல்நோக்கித் தூக்கியவாறு சாகும். தோல் பையாகி உள்ளே நீர் கட்டும். எங்கள் புழுக்களோ அதற்கும் இளையவை. பையும் இல்லை.

பின் என்ன? விடை எங்களைச் சுற்றியே பூத்துக் கிடந்தது. தேயிலைச் செடியை வாரந்தோறும் கிள்ளி, காலத்தில் கவாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்தினால் அது பூப்பதே அரிது. கைவிடப்பட்ட தோட்டத்தில் அது மரமாக வளர்ந்து, மழை ஓய்ந்ததும் மஞ்சள் மகரந்தம் நிறைந்த வெண்பூக்களைக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். போனக்காட்டின் சரிவுகள் பல அப்படித்தான் காடாகிவிட்டன. தேயிலைப் பூவின் தேன் தேனீப் புழுக்களுக்கு ஊறு செய்வதை இந்திய ஆராய்ச்சியாளர் 1986-இலேயே எழுதியுள்ளனர். தேயிலை நிறைந்த சீனத்திலும் இதனை ஆராய்ந்து, அப்பூந்தேனிலுள்ள காலக்டோசு சேர்ந்த சர்க்கரைகளைப் புழுக்களால் செரிக்க முடியாமையே காரணம் எனக் கண்டனர். முதிர்ந்த தேனீக்கு அவ்வளவு கேடில்லை. அது ஆவலோடு கொண்டுவந்து ஊட்டுகிறது, பிள்ளை சாகிறது. பல்கலைக்கழக நூலகத்தில் இதனைப் படித்த அன்று மாலை நெடுநேரம் யான் எதுவும் பேசவில்லை.

உறுதியாகத் தேயிலைதான் என்று சோதனைச்சாலையில் வைத்து மெய்ப்பித்தேன் அல்லேன். ஆனால் சீனர் செய்வதைச் செய்து பார்த்தோம். பூக்காலம் முழுதும் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை நீர்த்த சர்க்கரைக் கரைசலை ஊட்டினோம். கூட்டுக்குள் வரும் தேயிலைத் தேன் அதனால் நீர்த்துப் போகும். பெட்டியை, இன்னும் சில குடும்பங்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கும் சரிவின் பக்கமாக நகர்த்தினோம். நகர்த்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. சிறிது தொலைவு தள்ளி வைத்தால் வெளியே சென்ற தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவந்து ஏமாந்து நிற்கும். ஒன்று, நாளுக்கு ஓரிரு அடியாக நகர்த்த வேண்டும். அன்றி ஒரே இரவில் சில கிலோமீட்டர் தாண்டிக் கொண்டு போக வேண்டும். நாங்கள் முதலாவதைச் செய்தோம். லயத்துப் பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டாயிற்று, காலையில் எழுந்ததும் "இன்னிக்குப் பெட்டி எங்கே?" என்று தேடிப் பார்ப்பர். அப்பா வேறொன்று செய்தார். எங்கள் லயத்தைச் சுற்றிக் காடாய் நின்ற செடிகளைக் கவாத்துக் கத்தியெடுத்து வெட்டினார். கொழுந்தை விற்க வழியற்றுப் போன தோட்டத்தில் தேனீக்காகக் கவாத்து நடந்தது அதுவே முதன்முறையாயிருக்கும். கார்த்திகை முடிவில் வாயிலில் பிணப்புழுக்கள் குறைந்தன.

தை பிறந்ததும் தேன் எங்கே? இது பலருக்குப் புதுமையாயிருக்கும்: தென்கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் எடுக்கப்படும் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதன்று. ரப்பர் மரம் டிசம்பர், சனவரியில் இலையுதிர்த்துத் தளிர்க்கும். அத்தளிரிலைக் காம்பின் நுனியில், மூன்று சிற்றிலைகள் கூடுமிடத்தில், தேன் சுரப்பிகள் உள்ளன. இலை முதிரும் வரை, சனவரி இறுதி முதல் மார்ச்சு வரை, அவற்றில் இனிய நீர் கசியும். ஆனால் ரப்பர் மலையடிவாரப் பயிர். எங்கள் உயரத்தில் பரந்த தோட்டங்கள் இல்லை. ஆகவே அந்தி மயங்கித் தேனீ எல்லாம் உள்ளே அடங்கியபின், வாயிலைக் கம்பிவலையால் அடைத்து, சட்டங்கள் ஆடாமல் கட்டி, சீப்பு வண்டியில் விதுரைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு இறக்கினோம். இறக்கும்போது சட்டங்களின் விளிம்பு வண்டி செல்லும் திசைக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்காக வைத்தால் அடைகள் ஒன்றோடொன்று மோதி இராணி நசுங்கும். அந்த மலைப்பாதையில் வளைவுகளை எண்ணி முடியாது.

ரப்பரில் தேன் மிகுதி, மகரந்தம் இல்லை. புழுக்களுக்கு மகரந்தமே பால். ஆதலால் அருகில் தென்னையும் வீட்டுத் தோட்டமும் உள்ள இடமாகப் பார்த்து வைத்தோம். அறைகளில் முக்காற்பங்குக்கு மேல் மெழுகால் மூடப்பட்ட அடைகளை மட்டும் பிழிந்தோம். மூடாத தேனில் நீர் மிகுதி, அது புளிக்கும். தேனறையைத் தவிரக் கீழறையில் இருந்ததைத் தொடவில்லை. பங்குனியில் பெட்டியைத் திரும்ப மேலே ஏற்றினோம். தோட்டத்தில் நிழலுக்கு நட்ட சவுக்கு மரங்கள் — சில்வர் ஓக் என்பதை எங்களூரில் சவுக்கு என்றே சொல்வர் — பொன்னிறத்தில் பூத்துத் தேன் சொரியும் காலம் அது. காட்டில் நாவலும் மருதும் பூக்கும். அந்தத் தேனை நாங்கள் எடுப்பதில்லை. அது ஆடி மாதத்துக்கு.

இப்போது எங்களிடம் நான்கு பெட்டிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, காணி மூத்தவர் காட்டித் தந்த மரப்பொந்திலிருந்து அடைகளை அறுத்தெடுத்து, வாழைநாரால் சட்டத்தில் கட்டிக் குடியேற்றியது. மழையை அதுவே மற்றவற்றினும் நன்றாகத் தாங்குகிறது. மலையிலேயே பிறந்த குடும்பமாதலால் அப்படியோ, அல்லது எங்கள் கை அதற்குள் பழகியதாலோ, சொல்லத் தெரியவில்லை. கரடி ஒருமுறை வந்து ஒரு பெட்டியை உருட்டிவிட்டுச் சென்றது. அதன்பின் லயத்துச் சுவரோரமாகவே வைக்கிறோம். கடந்த ஆண்டுத் தேன் விற்ற பணத்தில் சர்க்கரைக்கும் வண்டிக்கும் போக எஞ்சியதில் அம்மா தம் சீட்டுப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மிச்சத்தில் என் தேர்வுக் கட்டணம் கட்டப்பட்டது. பக்கத்து லயத்துச் சித்தி ஒருவர் வைகாசிக்கு முன் தமக்கும் ஒரு பெட்டி பிரித்துத் தரக் கேட்டிருக்கிறார். மழைக்கு முன் பிரித்தால் இரண்டும் நலியும், கார்த்திகை வரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவர் அதற்குள் தம் வீட்டுப் பின்புறத்துத் தேயிலையை வெட்டத் தொடங்கிவிட்டார்.